பெட்டி கட்டிய அறை

காலையில் கதவு தட்டப்பட்டபோது அடுப்பில் முட்டை இருந்தது. தலையைக்கூட வாராமல் போய்த் திறந்தேன். கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண்மணி நின்றிருந்தார்.

"மிஸ் டெலோரிஸ்? பள்ளி அலுவலகத்துலேருந்து வர்றேன். உங்க பொண்ணு கெஸையா இங்கதான் குடியிருக்காளான்னு பாக்கணும்."

அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

கெஸையா படிப்பது எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், அறிவியல் உயர்நிலைப் பள்ளியில். அரசுப் பள்ளிதான், கட்டணம் கிடையாது. ஆனால் தேர்வெழுதி இடம் பிடிப்பது குதிரைக்கொம்பு. பிடித்தாலும் கவுண்டிக்குள்ளேயே குடியிருக்க வேண்டும். நான் கட்டிக்கொள்ளப்போகும் கிளிஃப்டனின் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், வேறு கவுண்டியில். அதனால்தான் எங்கள் கல்யாணம் தள்ளிக்கொண்டே போகிறது. சனி, ஞாயிறு மட்டும் நானும் மகளும் அங்கே போய்த் தங்குவோம். அதைப் பார்த்துவிட்டு எந்தப் புண்ணியவானோ பள்ளிக்குச் சொல்லியிருக்கிறான்.

"தாராளமா பாருங்க மேடம். இதோ, அவ ரூம்."

கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சுவரில் அவளுடைய கோள் படங்கள் இல்லை. மெத்தையில் விரிப்பில்லை. எங்கே பார்த்தாலும் ஒட்டிய அட்டைப்பெட்டிகள். நடுவில் என் மகள் டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

"அம்மா, நீ இன்னும் வேலைக்குக் கிளம்பலையா?"

"எப்ப குடி மாறுறீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"மாறல மேடம்! சத்தியமா மாறல!"

அந்த நேரம் பார்த்துத்தானா வாசலில் லாரி வந்து நிற்க வேண்டும்? கிளிஃப்டன் உற்சாகமாக உள்ளே வந்தான்.

"ப்ரொஃபசர்! எந்தப் பெட்டிய முதல்ல ஏத்தணும்?" கெஸையாவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். அதிகாரியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"நீங்க எங்க இருக்கீங்க?"

அவன் என்னைப் பார்த்தான். பொய் சொல்லிப் பழகாத மனுஷன். "ஆத்துக்கு அந்தப் பக்கம், மேடம்."

போச்சு, எல்லாம் போச்சு என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தான் அவரை வரச் சொன்னேன்," கெஸையா வெடித்தாள். "அம்மாவுக்குத் தெரியாது. என் ஸ்கூலாலதான் இவங்க கல்யாணம் நடக்கவே மாட்டேங்குது. நான் ஆத்துக்கு அந்தப் பக்கமே படிச்சுக்கறேன். அங்க மட்டும் கெமிஸ்ட்ரி சொல்லித் தரமாட்டாங்களா?"

"பழைய சாமான் ஏத்தணும்னுதானே சொன்ன?" கிளிஃப்டன் பரிதாபமாகக் கேட்டான்.

அதிகாரி அசரவில்லை. "இந்த மாதிரி கதை நெறைய கேட்டிருக்கேன். கை கழுவிக்கலாமா?"

அவர் குளியலறைக்குள் போனதும், கெஸையா கண்ணைத் துடைத்தபடியே கத்தினாள்: "நீலக் குழாயத் தொடாதீங்க! அதுலதான் கொதிக்கிற தண்ணி வரும். சிவப்ப ரெண்டு தட்டு தட்டிட்டுத் திருகுங்க!"

உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் விழும் சத்தம்.

"நான் எத்தன தடவ கைய வேக வச்சுக்கிட்டிருக்கேன், எனக்கு ஒருநாளாவது சொன்னியா?" என்றான் கிளிஃப்டன்.

அதிகாரி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "வந்து போறவங்களுக்கு இது தெரியாதுதான். நான் பாத்தத எழுதுவேன். முடிவு ஆபீஸ்ல. இன்னிக்கே போன் வரும்."

அவர் போன பிறகு அடுப்பங்கரைக்கு ஓடினேன். முட்டை தீய்ந்திருந்தது. கிளிஃப்டன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வீட்டைத் தன் கையாலேயே கட்டியவன். அதனாலேயே நான் இதுவரை கேட்டதில்லை.

"நீ இந்தப் பக்கம் வந்துடறியா?"

அவன் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான். "அந்த வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்கணும். அப்புறம் வாடகைக்கு விட்டுடலாம்." பேனாக்கத்தியை எடுத்து முதல் பெட்டியின் டேப்பைக் கிழித்தான். "இது எங்க போகும், ப்ரொஃபசர்?"

மத்தியானம் வரை மூவரும் வேலைக்கும் போகவில்லை, பள்ளிக்கும் போகவில்லை. போன் அடித்ததும் முதல் மணியிலேயே எடுத்தேன்.

"உங்க மகளோட ஸ்கூல் இடத்துல மாற்றம் இல்ல, மேடம். பதிவுக்காகக் கேக்கறேன், வீட்ல எத்தன பேர்?"

கிளிஃப்டன் நாற்காலிமேல் ஏறி, சனிக்கோளைக் கோணலாக ஒட்டிக்கொண்டிருந்தான்.

"இப்போதைக்கு ரெண்டு பேர்," என்றேன். "கோடைக்குள்ள மூணு ஆயிடும்."