பின் சக்கரத்தில் ஒரு சத்தம்

மூன்று வருடமாக அந்தப் புருஷன் பெண்டாட்டியின் குடும்ப வாழ்க்கை வாரத்துக்கு நான்கு நிமிடம்தான். அவன் கடல் தாண்டி ஒரு லாரிப் பட்டறையில் மெக்கானிக். அவள் இங்கே சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். விடுமுறை நாள் காலை பத்து மணிக்குப் போன் வரும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். உடம்பு எப்படி, இருக்கு. அங்கே வெயிலா, வெயில்தான். அதற்குப் பிறகு 'அப்புறம்' என்ற சொல்லையே இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சரி, வைக்கட்டுமா என்பான் அவன். வைத்ததும் எவ்வளவு நேரம் பேசினோம் என்று போன் கணக்குக் காட்டும். அந்த இழவெடுத்த கணக்கை அதனிடம் யார் கேட்டார்கள்?

அவனையும் குற்றம் சொல்ல முடியாது. ஓர் அறையில் ஆறு பேர். ஐந்து பேர் படுத்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது எந்த ஆண்பிள்ளை மனைவியிடம் மனதைத் திறப்பான்? அவளுக்கும் அதே கதிதான். வாரம் முழுக்கச் சொல்ல வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்திருப்பாள். போன் வந்ததும் ஒன்றுகூட வாயில் வராது.

இப்படி இருக்கையில்தான் வண்டியின் பின் சக்கரம் வாயைத் திறந்தது. அவன் விட்டுவிட்டுப் போன மோட்டார் சைக்கிள் அது. அவள் தினமும் வேலைக்குப் போவது அதில்தான். வேகம் எடுத்தால் பின்னால் ஓர் உறுமல், வளைவில் லேசான ஆட்டம். பேச ஒன்றும் கிடைக்காத ஒரு வாரம் அதைச் சொல்லிவைத்தாள்.

"என்ன மாதிரி சத்தம்? கர்ருன்னு வருதா, கடகடன்னு வருதா?" என்றான். குரலே மாறிவிட்டது.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தச் சொன்னான். பின் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொன்னான். போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடச் சொன்னான். காது கொடுத்துக் கேட்டு, அச்சின்மேல் சக்கரத்தை உருளவிடும் பேரிங் இரண்டும் போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னான். தண்ணீர் எப்படி உள்ளே போகும், ஒன்று கெட்டால் ஏன் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று மூச்சு விடாமல் பேசினான். நடுவில் அவளை 'மேஸ்திரி' என்று கேலி செய்தான். அன்றைக்குப் போன் காட்டியது நாற்பத்தொரு நிமிடம். அவள் பகல் முழுக்கத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

தெருமுனை மெக்கானிக்கிடம் கொடு என்று அவன் சொல்லவில்லை. அந்த ஆளை அவனுக்குக் கண்டாலே ஆகாது. சுத்தியலைத் தவிர வேறு எதுவும் தெரியாதவன் என்பான். அடுத்த வாரம் நாமே மாற்றிவிடலாம், நான் சொல்லச் சொல்ல நீ செய் என்றான். அந்த 'நாமே' என்ற சொல்லுக்காகவே அவள் ஏழு நாள் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

உண்மையைச் சொன்னால், அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் அவள். குளிர்ந்தால் இரும்பு சுருங்கும், சுலபமாக உள்ளே இறங்கும் என்று தெரிந்து, புது பேரிங் இரண்டையும் முந்தின நாளே ஃப்ரீசரில் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அதையே அவன் போனில் விளக்கியபோது, வாய் கூசாமல் "அப்படியா?" என்றாள்.

வீட்டுக்குப் பின்பக்கம் சிமெண்டுத் தரையில், கவிழ்த்த வாளிமேல் போனை வைத்துக்கொண்டு வேலை நடந்தது. அச்சைத் தட்டி உருவினாள். செயினை விலக்கிச் சக்கரத்தை வெளியே எடுத்தாள். பழைய பேரிங்குகளைக் கம்பி வைத்துத் தட்டி எடுத்தாள். விரலை நுழைத்துச் சுற்றினால் உள்ளே மணல் அரைபட்டது. புதியதில் ஒன்றை வைத்து அடிக்கும்போது, அங்கிருந்தபடியே சத்தத்தைக் கேட்டு, இன்னும் உட்காரவில்லை, இன்னும் இல்லை, ஆங், இப்போது உட்கார்ந்துவிட்டது என்றான். அந்த ஐந்து பேரும் அறையில்தான் இருந்தார்கள். அவன் அவர்களை மறந்தே போயிருந்தான்.

அடுத்து ஸ்பேசர். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் நிற்க வேண்டிய, விரல் நீள இரும்புக் குழாய். அது இல்லாவிட்டால் அச்சை இறுக்கும்போது பேரிங் இரண்டும் நெருக்குப்பட்டுச் சக்கரம் இறுகிப்போகும். அதை மறந்துவிடாதே என்று மூன்று தடவை சொல்லிவிட்டான். குழாய் அவள் கையில்தான் இருந்தது. இன்னும் ஒரே ஒரு பேரிங், கால் மணி நேர வேலை. அதோடு எல்லாம் முடிந்தது. அடுத்த வாரம் சாப்பிட்டியா, சாப்பிட்டேன். குழாயைப் பழந்துணிக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

ஸ்பேசர் போட்டாயா என்றான். போட்டேன் என்றாள்.

இரண்டாவது பேரிங்கும் இறங்கியது. சக்கரத்தை மாட்டி நட்டை இறுக்கினாள். சக்கரம் பிடிவாதமாக நின்றது. சுற்ற மாட்டேன் என்கிறது என்று ஒன்றும் தெரியாதவள்போலச் சொன்னாள். போகட்டும், அடுத்த வாரம் திரும்பப் பிரிக்கலாம் என்பான் என்று காத்திருந்தாள். தட்டி எடுத்த பேரிங்கைத் திரும்பப் போடக் கூடாதே, புதிதாக வாங்க வேண்டும், அதற்கு ஒரு வாரம், மாட்ட ஒரு வாரம் என்று மனக்கணக்கும் போட்டுவிட்டாள்.

"ஸ்பேசரைப் போடல நீ," என்றான்.

"மறந்துட்டேன் போல."

"மூணு தடவை சொன்னேன்."

அவனுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். காரியம் கெட்டது அந்தச் சிரிப்பால்தான். ஐந்து பேர் முன்னால் முகம் விழுந்துபோனவன் வேறு என்ன செய்வான்? உனக்கு எதற்கு இந்த வேலை, புது பேரிங்கைப் பாழாக்கிவிட்டாய், தெருமுனைக்காரனிடமே கொண்டுபோய்க் கொடு என்று வெடித்துவிட்டு வைத்துவிட்டான்.

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கிரீஸ் கையால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

மூன்று நாள் பஸ்ஸில் போனாள். நான்காம் நாள் வேறு இரண்டு பேரிங் வாங்கி வந்து ஃப்ரீசரில் வைத்தாள். மறுநாள் வேலைக்குக் கிளம்பும் முன், ஒரு மணி நேரத்தில், ஒருத்தரையும் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் மாற்றி முடித்தாள். கையால் ஒரு சுற்று விட்டாள். சக்கரம் சத்தமே இல்லாமல் வெகுநேரம் சுற்றியது. அவ்வளவு சுத்தமான வேலை. பார்த்து, பரவாயில்லையே என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. மூன்று வருடத்தில் இவ்வளவு தனிமையை ஒருநாளும் அவள் உணர்ந்ததில்லை.

அந்த வாரப் போன் சரியாகப் பத்து மணிக்கு வந்தது. சாப்பாடு, உடம்பு, வெயில் எல்லாம் முடிந்து, வண்டி என்ன ஆயிற்று என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். சரியாகிவிட்டது என்றாள். தெருமுனையில் கொடுத்தாயா என்றான். ம் என்றாள்.

"பரவாயில்லையே. அந்த ஆளுக்கும் கை திருந்திடுச்சு போல," என்றான். "தொழில் தெரிஞ்சவன் செஞ்சா அது தனிதான்."

மூன்று வருடத்தில் எத்தனையோ விழுங்கியிருக்கிறாள். ஆனால் அந்தச் சுத்தியல்காரனுக்குப் போன பாராட்டை விழுங்க அவளால் முடியவில்லை.

"நான்தான் மாத்தினேன்," என்றாள்.

அவன் சிரித்தான். அவள் நிறுத்தவில்லை. ஃப்ரீசரில் வைத்தது, பழைய பேரிங்கை மேலே வைத்து வெளிவளையத்தில் மட்டும் அடி விழும்படி தட்டியது, மந்தமாக இருந்த சத்தம் கணீரென்று மாறியதும் கையை நிறுத்தியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அவன் சிரிப்பு நின்றுபோயிற்று.

"அப்போ போன வாரம்?"

"போன வாரமும் தெரியும். வேணும்னேதான் விட்டேன். வேலை முடிஞ்சுட்டா நீங்க போனை வச்சுடுவீங்க."

அந்தப் பக்கம் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. படியிறங்கும் காலடி, பிறகு காற்று. ஐந்து பேரையும் விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டான்.

"முன் சக்கரம் எப்படி இருக்கு?" என்றான்.

"அது நல்லாத்தான் இருக்கு."

"இருக்கட்டும்," என்றான். "கழட்டு."