பரீட்சைக் காய்ச்சல்

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆண்டுதோறும் ஒரு காய்ச்சல் வரும். கொசுவால் வருவதில்லை, தண்ணீரால் வருவதில்லை. அரசாங்கத்தின் தரத் தேர்வுக்கு முதல் நாள் தலைமையாசிரியர் அறையிலிருந்து கிளம்பி, மதிப்பெண் எடுக்காத பிள்ளைகளாகப் பார்த்துப் பிடிக்கும். மறுநாள் அவர்கள் வீட்டில் கிடப்பார்கள், பள்ளியின் சராசரி ஏறும், அதற்கடுத்த நாள் எல்லோருக்கும் குணமாகிவிடும். எந்த டாக்டரும் இன்னும் இதற்குப் பெயர் வைக்கவில்லை.

ஐந்தாம் வகுப்பு டீச்சர் அங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தற்காலிக வேலை, தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஆண்டும் உண்டு. தேர்வுக்கு முந்தின நாள் மாலை அவர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மேசைத் தொலைபேசியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“உங்க கிளாஸ்ல நாலு பேரு, யாருன்னு உங்களுக்கே தெரியும். வீட்டுக்குப் பேசிடுங்க. பிள்ளைக்கு முகமே சரியில்ல, காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு, நாளைக்கு ஓய்வெடுக்கட்டும்னு சொல்லுங்க. வருஷா வருஷம் பண்றதுதான்.”

நாலு பேரில் முதல் ஆள், வகுப்பே வக்கீல் என்று கூப்பிடும் பெண். மந்தமெல்லாம் கிடையாது, ஒவ்வொரு கேள்வியையும் கோர்ட்டுக்கு இழுப்பாள், அவ்வளவுதான். காகம், குருவி, வௌவால், கிளி, இதில் பொருந்தாதது எது? மற்றப் பிள்ளைகள் வௌவாலுக்கு நேரே உள்ள வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். வக்கீல் எழுந்து நிற்பாள். “கிளி, டீச்சர். அதை மட்டும்தான் கூண்டுல போடுறாங்க.” அன்று முழுவதும் டீச்சருக்கு மனசு நிறைந்திருந்தது. ஆனால் விடைத்தாளைத் திருத்துவது இயந்திரம். அதற்கு ஏது மனசு?

இந்த மூன்று மாதமாகப் பிள்ளைகளைப் படுத்திய பாடு கொஞ்சமா? ஓவிய வகுப்பில் வட்டம் கருப்பாக்கும் பயிற்சி. விளையாட்டு வகுப்பில் மாதிரித் தேர்வு. மழை ஏன் பெய்கிறது என்று அவள் ஆசையாக ஆரம்பித்த நாளில், முன்வரிசைக் கெட்டிக்காரன் கையைத் தூக்கி, “இது தேர்வுல வருமா டீச்சர்?” என்று கேட்டான். வராது என்றாள். வகுப்பு மொத்தமும் பென்சிலைக் கீழே வைத்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டில்கூடச் சுரைக்காய் இல்லை, வெறும் வட்டம்தான் இருந்தது.

“சார், பிள்ளைங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு பார்க்கத்தானே தேர்வு?”

“யாரு இல்லைன்னாங்க?” தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதரில்லை, பயந்த மனிதர். “சராசரி இறங்கினா இந்தப் பள்ளிக்கூடத்தையே மூடிடுவாங்க. எனக்கு மட்டும் ஆசையா? பேசுங்கம்மா. உங்க வேலைப் பேப்பரும் இந்த மேசையிலதான் கிடக்கு.”

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அவளும் பேசித் தொலைத்திருப்பாள். சொன்னதும் கோபம் வந்துவிட்டது. எண்ணை அழுத்தினாள்.

எடுத்தது வக்கீலின் அம்மா. சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள்.

“என்ன டீச்சர், நாளைக்கு எம்பொண்ணுக்குக் காய்ச்சலா?” என்றாள் எடுத்த எடுப்பிலேயே. “போன வருஷமும் பரீட்சையன்னிக்குத்தான் வந்துச்சு.”

டீச்சர் தலைமையாசிரியரைப் பார்த்தபடியே பேசினாள். “இல்லக்கா. அவ வந்து எழுதணும். காய்ச்சலே அடிச்சாலும் அனுப்பி வைங்க.”

மற்ற மூன்று வீட்டுக்கும் அதையேதான் சொன்னாள். தலைமையாசிரியர் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“யோசிச்சுத்தான் பண்றீங்களா?”

“தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன சார், முழம் என்ன. கையெழுத்துப் போடறது உங்க இஷ்டம். எம்பிள்ளைங்களுக்கு நான் நோய் கொடுக்க மாட்டேன்.”

மறுநாள் காலை மூன்று பேர் வந்துவிட்டார்கள். வக்கீலை மட்டும் காணோம். மணி அடிக்கிற நேரத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், கழுத்துவரை பொத்தான் போட்ட ஸ்வெட்டரோடு. டீச்சர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

“ராத்திரியிலேருந்து அடிக்குது,” என்றாள் அம்மா. “மாத்திரை கொடுத்தேன், கேக்கல. வீட்ல இருடின்னாலும் கேக்கல. நான் வாசல்லயே நிக்கிறேன் டீச்சர்.”

வகுப்பு வாசலில் நின்ற தலைமையாசிரியருக்கு உயிர் வந்தது. “நிஜமாவே காய்ச்சல். வீட்டுக்கு அனுப்பிடுங்க. இதுல யாரும் குறை சொல்ல முடியாது.”

உண்மைதான், முடியாது. தன் வாய்தான் பலித்துவிட்டதோ என்று டீச்சருக்குத் தோன்றியது. குனிந்து கேட்டாள். “முடியலைன்னா போயிடு கண்ணு. டீச்சர் கோவிச்சுக்க மாட்டேன்.”

வக்கீல் டீச்சரைப் பார்க்கவில்லை. தலைமையாசிரியரைத்தான் அண்ணாந்து பார்த்தாள்.

“போன வருஷம் காய்ச்சல் இல்லாம வீட்ல இருந்தேன் சார். இந்த வருஷம் காய்ச்சலோட எழுதிக்கிறேன். அதுக்கு இது சரியாப் போச்சு.”

அவர் வழியை விட்டு விலகினார்.

தேர்வு தொடங்கியது. எல்லோரும் மடமடவென்று வட்டங்களைக் கருப்பாக்கிக்கொண்டிருக்க, வக்கீல் முதல் கேள்வியிலேயே உட்கார்ந்திருந்தாள். சற்று நேரத்தில் கை உயர்ந்தது.

“டீச்சர், இதுல நாலுமே பொருந்துது.”

சராசரி இறங்கத் தொடங்கிவிட்டது என்று டீச்சருக்குத் தெரிந்தது. இறங்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, அவளுக்குத் தண்ணீர் எடுத்துவரப் போனாள்.