துண்டுக்கு அடியில் வலக்கை

1

இந்தக் கதை மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கிடைத்தது. கோட்டாற்று மாட்டுச் சந்தையில் இருவர், துண்டால் மூடிய கைகளால் ஒரு சோடிக் காளைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் விலை. மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. அந்தக் கைகளில் ஒன்று செத்துப்போனால்? கொடூரமான யோசனைதான். கதை எழுதுகிறவனுக்கு அதற்கெல்லாம் வெட்கம் கிடையாது.

2

தரகர் மைதீன் கனிக்குப் பக்கவாதம் வந்தது. [ஆண்டு 1934. வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள், காளைகள் கோவிக்காது.] காலும் நாக்கும் பிறகு சரியாகிவிட்டன. வலக்கை மட்டும் வாடிய

(உவமை வேண்டாம். தொங்கியது.)

3

முதலில், அவர் இடக்கையை நீட்டியதாக எழுதினேன். காளை விற்கவந்த ஞானதாசன் எழுந்துவிட்டான்.

"இடக்கையையா நீட்டுகீரு, ஓய்? நான் யாவாரத்துக்கு வந்தேனா, பிச்சைக்கு வந்தேனா?"

நியாயம். அந்த வரியை அடித்துவிட்டேன். அடுத்து, வாயால் விலை பேசவைத்தேன். சந்தைக்கே கேட்டுவிட்டால் தரகர் எதற்கு? அதையும் அடித்தேன்.

4

ஆகவே வலக்கைதான். அதற்குப் பிடிக்கத் தெம்பில்லை; உணர்ச்சி கொஞ்சம் மீண்டிருந்தது. மனைவி பாத்திமுத்து அவரைக் கண்மூடச் சொல்லி, துண்டுக்கடியில் விரல்களை அமுக்கிப் பழக்கினாள். பெரும்பாலும் சரியாகச் சொன்னார். சந்தைக்குக் கிளம்பும் காலையில்:

"எந்த விரலு, சொல்லுங்கோ."

"நடுவிரலு."

"நான் இன்னும் தொடவேயில்ல."

இருவரும் சிரித்தார்கள். (அவள் அழுததாகத்தான் முதலில் எழுதியிருந்தேன். கனிக்குப் பிடிக்கவில்லை.)

"அவன் தொடுவான்லா, அப்பம் பாத்துக்கிடலாம்," என்று துண்டைத் தோளில் போட்டார்.

5

வாங்குகிறவர் தன் உச்ச விலையைக் கனியின் காதில் சொல்லியிருந்தார். ஞானதாசன் கேட்பது அதற்குள் என்றால் கனி தலையாட்டவேண்டும். ஆட்டிவிட்டால் விலை முடிந்தது, மாற்றமில்லை. தப்பாக ஆட்டினால் இனி ஒருவரும் இவர் துண்டுக்குள் கை விடமாட்டார்கள்.

கனி இடக்கையால் வலக்கையைத் தூக்கி மடியில் வைத்துத் துண்டைப் போட்டார். ஞானதாசன் கையை உள்ளே விட்டான். அவன் தோள் அசைந்தது.

"எனக்க கை கொஞ்சம் மந்தம், ஓய். நல்லா அமுக்கிப் பிடியும்," என்றார் கனி, கூச்சமே இல்லாமல். எனக்கு அந்த ஆளை அந்த நிமிடம் மிகவும் பிடித்துப்போயிற்று.

"இப்பம்?"

கனி கண்ணை மூடினார்.

6

அவர் தலை

அவர் தலை மெல்ல

இல்லை. நானும் துண்டுக்கு வெளியேதான் நிற்கிறேன். ஞானதாசன் பிடித்த விரல் எனக்குத் தெரியாது. இஷ்டத்துக்கு ஒன்றைச் சொல்லி அவரை ஜெயிக்கவைத்தால், அது அவர் ஜெயித்ததாகாது. அதற்கு அவசியமும் இல்லை என்றே நம்புகிறேன்.

ஞானதாசனைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு நீங்கள் உட்காருங்கள். கையை உள்ளே விடுங்கள். ஏதாவது ஒரு விரலை அமுக்கிப் பிடியுங்கள். என்னிடம் சொல்லவேண்டாம். அவரிடம் கேளுங்கள்.