உடம்புச் சூடு ஆறும்வரை

ருபியேலாவுக்கு இது மூன்றாவது வாய்ப்பு, இதுதான் கடைசியும். ஒரு நோயாளியைக் கட்டாயப்படுத்தாமல், இருபது நிமிடத்துக்குள் குளிக்கவைத்துக் காட்ட வேண்டும். தேறினால் ஆங்கோஸ்துரா மலையூரில் புதிதாகத் திறக்கும் மறதி நோயாளர் பிரிவில் நர்ஸ் வேலை. தவறினால் பழையபடி தடுப்பூசி அறைதான்.

ஐம்பத்து நான்கு வயதில் அவள் இந்தப் பயிற்சிக்கு வந்தது எவேலியோவுக்காக. அந்த மலையில் சில குடும்பங்களை நாற்பத்தைந்து வயதிலேயே மறதி பிடித்துவிடும். அவள் கணவன் எவேலியோவையும் பிடித்தது. நான்கு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தாள். அவன் போய்விட்டான். தான் பார்த்துக்கொண்டது சரிதானா என்ற கேள்வி மட்டும் போகவில்லை.

"தோன் அர்செசியோ, குளிக்கப் போலாமா?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

அர்செசியோ வெல்ல ஆலையில் அடுப்பெரித்தவர். வயது ஐம்பத்தொன்றுதான். நோயாளிகளுக்கு வீட்டில் இருப்பதுபோல் இருக்கட்டும் என்று, மெடெல்லின் நகரத்திலிருந்து வந்த பயிற்சியாளர் யானெத் சமையலறையில் விறகடுப்பு போட்டிருந்தாள். அதை ஒட்டித்தான் காப்பிக் கோப்பையோடு அவர் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க வேணா குளிங்கம்மா. எனக்கு வாய் கோணிக்கணுமா?"

"பேச்சை மாத்துங்க, ருபியேலா," என்றாள் யானெத், கடிகாரத்தைப் பார்த்தபடி. "மகளைப் பத்திக் கேளுங்க."

"அவளை ஏன் இழுக்கறீங்க? அவளும் கிழவன் நாறறான்னுதான் சொல்லுவா," என்றார் அர்செசியோ.

ருபியேலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வாய் கோணிக்கும். எத்தனை வருடம் கேட்ட பேச்சு!

கல்யாணமான புதிதில், வெல்ல ஆலையின் பாகுக் கொப்பரையிலிருந்து வரும் எவேலியோ குழாயைக்கூடத் தொடமாட்டான். தீயருகே நின்ற உடம்பில் தண்ணீர் பட்டால் வாய் கோணிவிடும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். சமையலறைக்குப் பின்னால் ஒரு பலகையில், சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு உட்காருவான். உடம்பெல்லாம் பாகு தீய்ந்த வாசனை. அவள் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தபடி பக்கத்தில் இருப்பாள். அவன் விசிலடிப்பான்.

"நீங்க விசிலடிச்சா ஆலைக் கழுதைகூட ஓடிடும்."

"நீங்க ஓடலையே!"

அந்த அரைமணி நேரம்தான் அவர்களுக்கென்று இருந்தது.

பிறகு மறதி வந்தது. பத்து மணிக்குக் குளியல் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். குளிருமே என்று ஒன்பதரைக்கே அவனை அடுப்போரம் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். பத்தானதும் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் கதவு நிலையைப் பற்றிக்கொண்டு, "சூடா இருக்கேன், ருபியேலா, வேண்டாம்," என்று கத்தினான். நோய் பேசுகிறது என்று நினைத்தாள். யாருக்குப் புரியாவிட்டாலும் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"பன்னிரண்டு நிமிஷம் ஆச்சு," என்றாள் யானெத்.

ருபியேலா அர்செசியோவின் தோளைத் தொட்டாள். "உடம்பு சூடா இருக்கா?"

"பின்ன? அடுப்பு பக்கத்துல ஐஸ் கட்டியாவா இருப்பேன்?"

"அப்ப ஆறட்டும். வாங்க, பின்னால உட்காருவோம்."

பின்வாசல் பெஞ்சில் அவர் தானாகவே பொத்தான்களைக் கழற்றினார். கண்ணெதிரே மூடுபனி கரும்புச் சரிவைவிட்டு மேலேறிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் கடந்துவிட்டதென்று ருபியேலாவுக்குத் தெரியும். அவள் எழுந்திருக்கவில்லை.

"நீங்க யாரு வீடு?"

"எவேலியோ வீடு."

"பாகு பதம் பார்ப்பானே, அவனா? நாராசமா விசிலடிப்பான்."

அவளுக்குச் சிரிப்பு பொங்கியது, கண்ணும் நிறைந்தது.

"எங்க இப்ப அவன்?"

நோயாளி சொல்வதைத் திருத்தாதே என்பது முதல் பாடம். அவள் திருத்தவில்லை.

"உங்களை மாதிரித்தான். எங்கயோ உட்கார்ந்து சூடாறிட்டு இருப்பார்."

கொஞ்ச நேரம் கழித்து அர்செசியோ தன் புறங்கையைக் கழுத்தில் வைத்துப் பார்த்தார். "ஆறிடுச்சு," என்று எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தானே குளியலறைக்கு நடந்தார். சோப்பும் அவரே போட்டுக்கொண்டார்.

"நாற்பத்தொரு நிமிஷம், தோன்யா ருபியேலா," என்றாள் யானெத், இந்தத் தடவை மரியாதையாக. பேனா தாளின்மேல் நின்றது. "அடுப்பு பக்கத்துல உட்காரவெச்சதே நான்தான், இல்லையா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நானே வீட்டுல அதைத்தான் செஞ்சேன்."

யானெத் தாளில் அச்சடித்திருந்த இருபதை அடித்துவிட்டு, 'தேறினார்' என்பதன் கீழே கையெழுத்துப் போட்டாள். "நாளையிலேர்ந்து காப்பி குளிச்சப்புறம்தான்."

"காப்பியை நிறுத்தினா உங்களை அடிக்க வருவாங்க. காப்பி இருக்கட்டும். கூட இன்னொரு பெஞ்சு போடுங்க."

யானெத் உள்ளே போனபின் ருபியேலா மறுபடி உட்கார்ந்து, பக்கத்தில் கையூன்றினாள். அர்செசியோ உட்கார்ந்திருந்த இடத்தில் இன்னும் சூடு இருந்தது.