சம்மதம் கிடைத்த பிறகு

விஜயராஜ் முதன்முதலாக சத்யபிரியாவிடம் பேசியது திருநெல்வேலி ரயில் நிலையத்தில். கோவில்பட்டியில் ஏறிய இருவரும் ஒரே பல்கலைக்கழகத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் தூக்க முடியாமல் தூக்கிவந்த பையைக் கையில் வாங்கிக்கொண்டு, "கடலைமிட்டாயா?" என்று கேட்டான்.

"இல்ல, ஆட்டுப் புழுக்கை."

வேறு யாராக இருந்தாலும் பையைக் கீழே போட்டிருப்பான். இவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, விலங்கியல் துறை வாசல் வரைக்கும் அதைச் சுமந்து வந்தான். அந்த ஒன்றுக்காகவே அவனை அவளுக்குப் பிடித்துப்போனது.

அவளுக்கு நாகலாபுரம். அப்பா சோலை செம்மறி மேய்ப்பவர். ஒரு மழைக்காலத்தில் கிடையில் பாதி ஆடுகள் கழிந்து கழிந்து செத்ததைப் பார்த்தவள், ஆட்டுக் குடல்புழுக்களைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்வேன் என்று அடம்பிடித்துச் சேர்ந்திருந்தாள். அவன் எம்.பி.ஏ. படித்தான். அப்பா சௌந்தரபாண்டியனுக்குக் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலை இருந்தது. சாயங்காலம் ஆனால் அவளுடைய ஆய்வகத்துக்கு வந்துவிடுவான். அவள் மைக்ராஸ்கோப்பில் புழு முட்டைகளை எண்ணிச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து அதை மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருப்பான்.

காதல் விஷயம் அவன் வீட்டுக்குத் தெரிந்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். கடைசியில் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றும்படி ஆயிற்று. அப்புறம்தான் சௌந்தரபாண்டியன் இறங்கிவந்தார்.

"அப்பா சரின்னுட்டாவ பிரியா!" என்று ஆய்வக வாசலில் வந்து நின்றவனின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவள் அழுதேவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியில் அவன் வீட்டுக்குப் போனாள். சௌந்தரபாண்டியன் மரியாதையாகத்தான் பேசினார்.

"உக்காரு தாயி. வீட்டுக்கு வார பிள்ளை ஆட்டுப் புழுக்கையை நோண்டிக்கிட்டுத் திரிஞ்சா நல்லாவா இருக்கும்? படிச்சது போதும். கல்யாணத்தைத் திருச்செந்தூர்ல சுருக்கமா வச்சிக்கிடுவோம். ஒங்க அய்யாவும் அம்மாவும் மட்டும் வரட்டும், சொந்தக்காரங்க வேண்டாம். பத்திரிகையில விவசாயின்னு போட்டுருவோம். ஆடு கீடுன்னு யார்ட்டயும் பேசிக்கிட வேண்டாம்."

அவள் விஜயராஜைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். சரியென்று சொல்லிவிடு என்பதுபோல அவன் கண்ணைக் காட்டினான்.

சத்யபிரியா எழுந்து நின்றாள்.

"எங்க அப்பா ஆடு மேய்க்காவ. அதைச் சொல்லக் கூச்சப்படுத வீட்டுக்கு நான் வரல. படிப்பையும் விடுததா இல்ல."

"யோசிச்சுப் பேசு. எம் மகன் ஒனக்காகச் சாகக் கிடந்தான்."

"எனக்காகக் கிடந்தாவன்னு நம்பித்தான் நானும் வந்தேன்."

தெருமுனையில் அவன் ஓடிவந்து மறித்தான். "ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? மொதல்ல கல்யாணம் முடியட்டும். பெறவு எல்லாத்தையும் நான் சரி பண்ணுதேன்."

"இப்பமே வாயத் தொறக்கல, பெறவு என்னத்தப் பேசுவ?"

"சோறு தண்ணி இல்லாமக் கிடந்தேனே பிரியா, அது பெருசாத் தெரியலையா?"

"தெரியுது. சாகுத வரைக்கும் மறக்கமாட்டேன். ஆனா ஒங்க அப்பா சம்மதிச்ச பிள்ளை நான் இல்ல, வேற யாரோ. நான் இன்னாருக்குத்தான் மகள்னு ஊரறியச் சொல்லிக் கட்டிக்கிடுதியா? இப்பமே எங்க வீட்டுக்கு வா. அப்பாட்ட வந்து கேளு."

அவன் திரும்பிப் பார்த்தான். வீட்டு வாசலில் அவன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். "கொஞ்சம் பொறுத்துக்கயேன்" என்றான்.

எட்டயபுரம் வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே போனாள். பக்கத்தில் இருந்த பெண் பதறிப்போய், "யாரும் தவறிட்டாவளாம்மா?" என்று கேட்டாள். "இல்லக்கா, எல்லாரும் நல்லாத்தான் இருக்காவ" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அழுதாள்.

வீட்டில் அம்மா சுப்புத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "தேடி வந்த பெரிய இடத்தை எட்டி ஒதைச்சிட்டு வந்திருக்கியே, அம்புட்டுத் திமிராட்டி ஒனக்கு?"

"ஆமா, திமிருதான்" என்றாள் சத்யபிரியா. மறுநாளே பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டுவிட்டாள்.

அவன் அடிக்கடி போன் செய்தான். எப்போது பேசினாலும், "அப்பாட்ட வந்து கேக்கியா?" என்பாள். "பொறுத்துக்க" என்பான். பிறகு அவள் எடுப்பதை நிறுத்தினாள். அடுத்த ஆவணியில் சிவகாசியில் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. அன்றைக்கு அவள் குளத்தூர்ப் பக்கம் ஒரு கிடையில் ஆடுகளுக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். கை அதன்பாட்டுக்கு வேலை செய்தது. மனசு மட்டும் மண்டபத்தில் போய் நின்றது. யாரும் பார்த்துவிடக்கூடாதே என்றெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரக்கூடிய பொது அரங்கில் நடந்தது. அவள் பாதி பேசிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்துகொண்டு விஜயராஜ் வந்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை அவள் பாதியிலேயே விட்டாள். நெஞ்சு அவன் பக்கமே போனது. ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.

"என்னம்மா, முடியலையா?" என்று தேர்வாளர் கேட்டார்.

"முடியும் சார்" என்றாள் அரங்கம் முழுக்கக் கேட்கும்படி. அடுத்த படத்தைத் திரையில் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினாள்.