கிளி இல்லாத வீடு

"வீட்ல பறவை ஏதாவது வளர்க்கிறீங்களா?" என்று டாக்டர் சபீனா கேட்டபோது, "இல்ல மேடம்" என்று பளிச்சென்று சொன்ன மகானுபாவன் நான்தான்.

முகப்பேரில் எங்கள் மூன்றாவது மாடி பால்கனியில் அந்த நேரம் ஒரு பச்சைக்கிளி கூண்டுக்குள் கொய்யாவைக் கொத்திக்கொண்டிருந்திருக்கும். நூம்பல் பக்கம் மனை போடுவதற்காக வெட்டிய பனைமரப் பொந்தில் கிடைத்த குஞ்சு அது. அலுவலக நண்பன் கோகுல்நாத் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தான். நம்மூர்க் கிளியைக் கூண்டில் வைத்திருப்பது குற்றம் என்று எனக்குத் தெரியும். வனத்துறை ஆள் வாசலில் வந்து நின்றால் அக்கம்பக்கத்தில் எப்படித் தலை காட்டுவது என்ற பயத்தில் சொன்ன பொய். அதோடாவது நிறுத்தினேனா?

"எங்க வீட்டு வேலைக்காரம்மாவுக்குப் பத்து நாளா இருமல். அவங்ககிட்டேர்ந்துதான் தொத்தியிருக்கணும்."

ஆக்சிஜன் மாஸ்க்குக்கு மேலே என் மனைவி ரேவதியின் கண்கள் என்னையே பார்த்தன. நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில் அவளால் பேச முடியவில்லை. அவளால் பேச முடியாதது அப்போது எனக்கு வசதியாக இருந்தது. இதை எழுதவே கூசுகிறது.

நாகவல்லி நான்கு வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்கிறவர். ரேவதி கிளியைத் தோளில் வைத்துக் கொஞ்சுவாள். கூண்டின் அடித்தட்டில் காய்ந்து கிடக்கும் எச்சத்தைச் சுரண்டிப் பெருக்குவது நாகவல்லி. ரேவதி படுத்த அன்றே அவருக்குப் போன் போட்டேன். எப்போதும் 'நீங்க' என்று பேசுகிறவன், "உன் இருமலைக் கொண்டாந்து இங்க ஒட்டிட்டே. இனிமே இந்தப் பக்கம் வராதே" என்று கத்தினேன். போனையும் வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் எக்ஸ்ரேயோடு டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். நுரையீரலில் சளி கூடியிருந்தது. கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை. இன்று இரவுக்குள் ஐ.சி.யூ.வுக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். கோழி, புறா, கிளி... எதுவுமே இல்லையா?"

"கிளி ஒண்ணு இருக்கு மேடம். ஆனா காட்டுக் கிளி. பழமும் மிளகாயும்தான் தின்னும். அதுக்கு என்ன நோய் வந்துடப் போகுது?"

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"காட்டுக் கிளிகிட்டயும் கிருமி இருக்கலாம். பார்க்க நல்லாத்தான் இருக்கும். எச்சம் காய்ஞ்சு தூசியாப் பறந்து நம்ம மூச்சுல போயிடும்." மருந்தை மாற்றி எழுதிக்கொண்டே, "கூண்டை யார் சுத்தம் பண்றாங்க?" என்றார்.

"அந்த வேலைக்காரம்மாதான் மேடம்" என்றேன்.

"அந்த அம்மாவை உடனே கூட்டிட்டு வாங்க."

மண்ணூர்பேட்டையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கன்னம் ஒட்டிப்போய் சுவரோரம் சாய்ந்திருந்த நாகவல்லி, என்னைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து பின்னால் நகர்ந்தார்.

"அங்கியே நில்லுங்க சார். உங்களுக்கும் ஒட்டிக்கப் போவுது. அம்மா எப்டி கீறாங்க? என்னாலதான அவங்களுக்கு இப்டி ஆச்சு. பயந்துகினு எம் புள்ளைங்களக்கூட அக்கா ஊட்ல உட்டுட்டேன் சார்."

"உங்களால இல்ல நாகவல்லி. கிளிகிட்டேர்ந்து வந்தது. டாக்டர் கேட்டப்ப, கிளியே இல்லன்னு நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலையைத்தான் ஆட்டினார்.

"போன வாரம் ஆஸ்பத்திரில என்னியும் கேட்டாங்க சார், வேல செய்ற எடத்துல கோழி, பறவ எதுனா கீதான்னு. யாராண்டயும் சொல்லக் கூடாதுன்னு நீங்க சொல்லிக்கீறீங்களே. உங்களுக்கு எதுனா கேஸு ஆயிடப்போவுதுன்னு, இல்லன்ட்டேன்."

அப்படி நான் சொன்னதே எனக்கு மறந்து போயிருந்தது. மன்னிப்பு கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று மட்டும் சொன்னேன். ஆட்டோவில் அவர் என்மேல் மூச்சுப் படாதபடி ஓரமாக ஒதுங்கி, வழி முழுக்க வாயைப் பொத்திக்கொண்டே வந்தார்.