திரும்பாத சாவி

தலை நரைத்த பிறகும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். அப்பா போய்ச் சேர்ந்ததும் வீடு அண்ணனுக்கு, ஷெட்டில் நின்ற பழைய கார் அவளுக்கு என்று ஆனது. வீட்டை விற்கப் போகிறேன், வண்டியை எடுத்துவிடு என்று அண்ணன் போனில் சொல்லிவிட்டான். எடுக்கச் சாவி திரும்ப வேண்டுமே!

அவளிடம் இருந்த சாவி கதவைத் திறக்கும். ஸ்டியரிங் பக்கத்துப் பூட்டிலும் நுழையும். ஆனால் திரும்பாது. பல வருஷங்களுக்கு முன்பு, பக்கத்து ஊர்ப் பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்த வாரம்தான் அது முதன்முதலில் அடம்பிடித்தது. நீ மருந்து வாங்கப் போனபோது ஆள் வந்து பார்த்தான், பூட்டு தேய்ந்துவிட்டதாம், இந்த வண்டிக்கு வேறு பூட்டு கிடைக்காதாம் என்றார் படுக்கையில் கிடந்த அப்பா. பஸ்ஸில் போனால் மத்தியானம் வந்து அவருக்குச் சோறூட்ட முடியாது. வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அவள் வரவழைத்த மெக்கானிக் காரைச் சுற்றி வந்து பானட்டைத் தட்டினார்.

"வண்டிக்கு உங்க வயசு இருக்குமாம்மா?"

"என்னைவிடச் சின்னது. ஆனா என்னைவிட நல்லா ரெஸ்ட் எடுத்திருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே பேட்டரி ஒயரைக் கழற்றினார். "சரியான சாவி இருந்தா பாதி திருப்பி, இந்தத் துளையில கம்பியை விட்டு அமுக்கினாப் போதும், பூட்டு கையோட வந்துடும். இப்போ துளை போட்டுத்தான் எடுக்கணும்."

டிரில் அலறியது. பித்தளைத் தூள் கால்மிதியில் உதிர்ந்தது. கடைசியில் பூட்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

"இது தேயவே இல்லையேம்மா. வண்டியோட வந்த பூட்டும் இல்ல. பின்னாடி பாருங்க, யாரோ ஒயரை வெட்டி வேற பூட்டு மாட்டியிருக்காங்க. உங்க சாவி இதுல எந்தக் காலத்துலயும் திரும்பாது."

அவள் போனை எடுத்தாள். அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, கார்ப் பூட்டை அப்பா மாத்தினாரா?"



"அது பழைய கதை, பாப்பா. கார் இருந்தா நீ வேலை, வெளியூருன்னு அப்படியே போயிடுவேன்னு பயந்தாரு. புதுச் சாவியை என்கிட்ட கொடுத்து வச்சாரு."

"நீ வாங்கி வச்சுக்கிட்டே."

"யாராவது ஒருத்தர் அவரைப் பார்த்துக்கணும் இல்ல? சாவி என் வீட்லதான் எங்கயாவது கிடக்கும். தேடிக் கொண்டு வரவா?"

"இப்பவா?" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அந்த மனிதரை எத்தனை முறை தூக்கி உட்கார வைத்திருக்கிறாள், முதுகு துடைத்துவிட்டிருக்கிறாள்! ஒரு நாளாவது வாய் தவறியாவது சொல்லியிருக்கலாம். போகாதே என்று கேட்டிருந்தால் இருந்திருப்பாள். கேட்கவே இல்லையே என்பதுதான் நெஞ்சை அறுத்தது. சண்டை போடலாம் என்றால் ஆள் சாம்பலாகிவிட்டார்.

மெக்கானிக் எல்லாவற்றையும் கேட்டும் கேட்காதவர் போலப் புதுப் பூட்டை மாட்டினார். டாங்கில் கிடந்த கெட்ட பெட்ரோலை வடித்துவிட்டு, கேனில் இருந்ததை ஊற்றி, கையோடு கொண்டுவந்த பேட்டரியை இணைத்தார். என்ஜின் இருமி, புகை கக்கி, ஒருவழியாக உயிர் பிடித்தது.

"பங்க் வரைக்கும் ஓடும். நீங்களே ஓட்டிப் பாருங்கம்மா."

ஒரு காலத்தில் பேசிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்து அந்தக் குறுகிய கேட்டைத் தாண்டுவாள். இப்போது கிளட்சை எந்த நேரத்தில் விடுவது என்பதே மறந்துபோயிருந்தது. இரண்டு தடவை வண்டி அணைந்து நின்றது. மெக்கானிக் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எப்படியோ தெருவுக்கு வந்துவிட்டாள்.

பங்கில் பெட்ரோல் போடுகிறவர் மூடியைத் திறந்தபடி கேட்டார்: "தூரமாப் போறீங்களா மேடம்? ஃபுல்லா போடட்டுமா?"

எங்கே போவது? கூப்பிடுகிறவர்களும் இல்லை, வரவில்லையே என்று தேடுகிறவர்களும் இல்லை.

"போடுங்க" என்றாள்.

அவர் மூடியை மூடிக் கையசைத்ததும் சாவியைத் திருப்பினாள். தொட்டவுடன் என்ஜின் பிடித்துக்கொண்டது. இவ்வளவு சுலபமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.